பங்காளிப் பகையை முடிக்கப் போகிறீர்களா? பாவசங்கீர்த்தனம் முதல் ராஜி மனு வரை ஒரு வழிகாட்டி

மன்னிக்க வேண்டும் என்று பிரசங்கத்தில் கேட்காத கிறிஸ்தவர் இருக்க முடியாது. ஆனால் திங்கட்கிழமை காலையில் எழுந்து யாரை முதலில் பார்ப்பது, என்ன சொல்வது, எந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போவது என்று சொல்லித்தர ஆள் கிடைப்பதில்லை. எங்கள் வீட்டில் கிணற்று முறையும் வண்டித்தடமும் சேர்ந்து பங்காளிகளுக்குள் பேச்சே இல்லாமல் செய்திருந்தன. நல்லது கெட்டதுக்குக்கூடப் போக்குவரத்து கிடையாது. ஈஸ்டருக்கு முந்தின ஒரு தவக்காலத்தில் அப்பா அதை முடித்தே தீருவது என்று கிளம்பினார். கோயிலுக்கும் வக்கீல் ஆபீஸுக்கும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் அலைந்தவன் நான். போன இடத்திலெல்லாம் “இதை மொதல்லயே செஞ்சிருக்கோணுமுங்க” என்றார்கள். அந்த வரிசையை நீங்களும் அலைந்துதான் கண்டுபிடிக்க வேண்டும் என்பதில்லை.

அப்பா ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்), அம்மா பிறந்த வீடு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). அதனால் இரண்டு பக்க வழக்கமும் கொஞ்சம் தெரியும். பங்காளிகள் கிறிஸ்தவர்கள் அல்ல. கொங்குப் பக்கம் இது புதிதில்லை. ஒரே கிணற்றில் தண்ணீர் இறைக்கும் இரண்டு வீடுகளில் ஒன்றில் சிலுவையும் மற்றொன்றில் குலதெய்வப் படமும் தொங்கும். எதிராளி நம் சபைக்காரராக இல்லாதபோது என்ன மாறுகிறது என்பதையும் இடையிடையே சொல்கிறேன்.

தொடங்கும் முன்

மன்னிப்பது, மனந்திரும்புவது, ராசியாவது, கணக்கைத் தீர்ப்பது ஆகிய நான்கும் வேறு வேறு வேலைகள். முதல் இரண்டையும் நீங்கள் ஒருவராகவே செய்யலாம். ராசியாக இரண்டு பேர் வேண்டும். கணக்குத் தீர்க்கச் சில சமயம் நீதிமன்றமும் பத்திரமும் வேண்டும். நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டி, “அவன் தடத்தை விடட்டும், அப்புறம் மன்னிக்கிறேன்” என்று உட்கார்ந்தால் எதுவும் நகராது. நாங்கள் பார்த்த பகைகளில் முக்கால்வாசி இங்கேதான் நிற்கின்றன.

இன்னொன்று. இந்த வழிகாட்டி அடிதடிக் குடும்பங்களுக்கு அப்படியே பொருந்தாது. அடிக்கிற கணவனோடு “மன்னித்து வாழம்மா” என்று யாராவது, சபையில் மூத்தவரே ஆனாலும், சொன்னால் கேட்க வேண்டாம். மனதில் மன்னிப்பது ஒன்று, அந்த வீட்டுக்குத் திரும்பிப் போவது இன்னொன்று. பெண்கள் உதவிக்கு 181, குழந்தைகள் உதவிக்கு 1098 என்ற எண்களை வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் தெரிய வந்தால் போக்சோ சட்டப்படி புகார் கொடுப்பது கடமை. அங்கே சமாதானப் பேச்சுக்கே இடமில்லை. சாதி வன்கொடுமை வழக்குகளும் அப்படித்தான், ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்து வைக்கிற வகையைச் சேர்ந்தவை அல்ல. பாதிக்கப்பட்டவரிடம் போய் “நீங்களும் கிறிஸ்தவர்தானே, மன்னிச்சு கேஸை வாபஸ் வாங்குங்க” என்று நெருக்குவது மன்னிப்புக்கு விரோதமான வேலை.

1. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள்

பக்கத்தின் நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் அவர்கள் செய்தது, வலது பக்கம் நாம் செய்தது. இடது பக்கம் ஒரே மூச்சில் நிரம்பிவிடும். வலது பக்கத்துக்கு ஒரு வாரம் ஆகும், அவசரப்படாதீர்கள்.

திட்டுவதற்கு இந்த நோட்டில் இடமில்லை, செயலை மட்டும் எழுதுங்கள். “திமிர் பிடிச்சவன்” என்பது பதிவு ஆகாது. “சித்திரை மாசம் தடத்தில் கல் நட்டார்” என்பது பதிவு. வலது பக்கத்துக்கும் அதே சட்டம்: “கொஞ்சம் கோபமாப் பேசிட்டேன்” என்று எழுதினால் செல்லாது. எந்த இடத்தில், யார் முன்னால், என்ன வார்த்தை என்று எழுத வேண்டும். சாதியை இழுத்துப் பேசியிருந்தால் அதை வலது பக்கத்தின் முதல் வரியாக எழுதுங்கள். பணமாக இருந்தால் தொகை. கைமாத்து, சீட்டுப் பணம், தறிக்கூலிப் பாக்கி, பண்ணையத்துக்கு வந்த ஆளுக்குக் கொடுக்காத கூலி எல்லாம் இதில் அடங்கும். நம்முடைய பகை என்று நினைத்து உட்காரும்போது, நமக்கே பகை வைத்திருக்கக்கூடிய ஓர் ஏழையின் கணக்கு இப்படித்தான் தலைகாட்டும்.

அதே வாரத்தில் காகிதங்களையும் ஒரு பையில் சேருங்கள்: வழக்கு எண் உள்ள சம்மன் அல்லது வழக்குரை நகல், பட்டா, சிட்டா, புலப்படம், வில்லங்கச் சான்று, தாத்தா காலத்துப் பாகப் பத்திரம், காவல் நிலைய மனு ரசீது. பட்டா, வில்லங்க விவரம் இரண்டையும் அரசு இணையதளங்களில் காசில்லாமலே பார்க்கலாம். இவை இப்போதைக்குத் தேவைப்படாது. ஆனால் ஆறாவது படிக்கு வந்த பிறகு பாகப் பத்திரத்தைத் தேடி அத்தை வீட்டுப் பீரோவைத் திறக்கச் சொன்னால், விஷயம் ஒரம்பரை (உறவுக்காரர்கள்) முழுக்கப் பரவிவிடும்.

நோட்டை யாரிடமும் காட்டாதீர்கள். வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் போட்டோ எடுத்துப் போடுகிற புண்ணியவான் எல்லா வீட்டிலும் ஒருவர் உண்டு.

2. இடது பக்கம்: மன்னிப்பது

இதற்கு எதிராளி வர வேண்டாம், செலவு கிடையாது, நாள் பார்க்கவும் வேண்டாம்.

மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன கடன்காரன் உவமையை எடுத்துக்கொள்ளுங்கள். ராஜாவுக்கு அவன் பட்ட கடன் பதினாயிரம் தாலந்து. அவனுக்கு இன்னொருவன் தர வேண்டியது நூறு வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி; ஒரு தாலந்து சுமார் 6,000 வெள்ளிப்பணம். நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்தால், சின்னக் கடன் 50,000 ரூபாய், பெரிய கடன் 3,000 கோடி ரூபாய். பிரசங்கங்களில் அந்தச் சின்னக் கடனை அற்பம் என்று தள்ளிவிடுகிறார்கள். ஐம்பதாயிரம் எந்த ஊரில் அற்பம்? உங்களுக்கு நடந்தது பெரிய அநியாயம்தான், அதை இல்லை என்று உவமை சொல்லவில்லை. 3,000 கோடி தள்ளுபடியானவன் அரண்மனை வாசலிலேயே 50,000 ரூபாய்க்காக இன்னொருவன் கழுத்தை நெரிக்கிறான் என்பதுதான் அங்கே சங்கடம்.

செய்முறை இதுதான். ஜெபத்தில் உட்கார்ந்து, இடது பக்கத்தை ஒவ்வொரு பதிவாக, பேர் சொல்லிப் படியுங்கள். ஒவ்வொன்றுக்கும், “ஆண்டவரே, இதை நான் இனி வசூலிக்க மாட்டேன்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நாம் மூன்று வழிகளில் வசூலிக்கிறோம்: கல்யாண வீட்டுத் திண்ணையில் பழமை பேசும்போது அவர்களைப் பற்றி இழுப்பது, அவர்கள் வீட்டில் கெட்டது நடந்தால் உள்ளுக்குள் இனிப்பது, நம் பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்லி வளர்ப்பது. மூன்றையும் நிறுத்துவதுதான் மன்னிப்பின் அன்றாட வேலை. மூன்றாவதுதான் கடினம். நான் அந்தக் கிணற்றுக் கதையைக் கேட்டு வளர்ந்தவன், அதனால் தெரியும்.

மனசு இளகட்டும், அப்புறம் செய்யலாம் என்று காத்திருக்காதீர்கள். வசூலை நிறுத்திய பிறகுதான் மெதுவாக இளகும். சிலருக்கு வருஷக்கணக்கில் இளகாமலும் இருக்கும், அதற்காகச் செய்தது செல்லாமல் போய்விடாது.

முக்கியமான எச்சரிக்கை: மன்னித்ததை எதிராளியிடம் போய் அறிவிக்காதீர்கள். கேட்காதவரிடம் “உங்களை மன்னிச்சுட்டேனுங்க” என்றால், “தப்பு உங்க மேல” என்று அவர் வாசலில் நின்று சொன்னதாகத்தான் ஆகும். அடுத்த சண்டை அங்கேயே தொடங்கும்.

3. வலது பக்கம்: அறிக்கை

ஆர்.சி. ஆக இருந்தால் பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது. இப்போது ஒப்புரவு அருட்சாதனம் என்று அறிவிப்பார்கள். பழைய ஞானோபதேசத்தில் ஐந்து காரியம் கற்றுக்கொடுத்திருப்பார்கள்: ஆத்தும சோதனை, மனஸ்தாபம் (செய்ததற்காக வருந்துவது), இனிச் செய்வதில்லை என்ற பிரதிக்கினை, குருவிடம் அறிக்கை, பரிகாரம். நோட்டின் வலது பக்கத்தை எழுதி முடித்தபோதே முதலாவது முடிந்துவிட்டது.

எப்போது போவது? தவக்காலத்தின் கடைசி வாரத்திலும் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாட்களிலும் போகாதீர்கள். வரிசை நீளமாக இருக்கும், சாமியாருக்கும் நிதானமாகக் கேட்க நேரம் இருக்காது. அக்டோபரில் கருமத்தம்பட்டி செபமாலை அன்னை திருவிழா போன்ற நாட்களிலும் அதே கதை. சாதாரண வார நாளில் மாலைப் பூசைக்கு அரை மணி முன்னால் போய், “சாமி, கொஞ்சம் நேரம் ஆகும், எப்ப வரட்டுங்க?” என்று கேளுங்கள். பங்குக் குருவிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் பக்கத்துப் பங்குக்குப் போகலாம், அதில் தவறில்லை.

முகம் தெரியாதபடி மறைப்பு வைத்த பாவசங்கீர்த்தனத் தொட்டியிலும் சொல்லலாம், எதிரில் உட்கார்ந்தும் சொல்லலாம். “என்னை ஆசீர்வதியுங்கள் சாமி, நான் பாவி” என்று தொடங்கி, கடைசியாகச் செய்து எத்தனை காலம் என்று சொல்லுங்கள். இருபது வருஷமாகியிருந்தால் அதையும் சொல்லுங்கள், யாரும் திட்ட மாட்டார்கள். மனஸ்தாப மந்திரம் மறந்துபோயிருந்தால் கேட்டால் கூடச் சொல்லிக்கொடுப்பார்.

காசு கிடையாது. ஃபோனில், வீடியோ காலில் கிடையாது; நேரில்தான். சொன்னது வெளியே போகாது. திருச்சபைச் சட்டம் அந்த இரகசியத்தை மீற முடியாதது என்கிறது, நேரடியாக மீறும் குருவுக்குச் சபைவிலக்குத் தண்டனை. பங்காளிக்கு அதே சாமியார் பழக்கமானவர் என்றாலும் பயப்பட வேண்டாம்.

கண்ணி எங்கே என்றால், உள்ளே போனதும் நாம் இடது பக்கத்தைப் படிக்க ஆரம்பித்துவிடுவோம். அவர் தடத்தை மறித்தது, அவர் மனைவி சாபம் விட்டது, எல்லாம் வரும். ஒரு வயதான சாமியார் அப்பாவை நடுவில் நிறுத்தி, “அவங்க பாவத்துக்கு அவங்க வருவாங்க, உங்களோடதைச் சொல்லுங்க” என்றாராம். வெளியே வந்து அப்பா சிரித்துக்கொண்டே சொன்னதால்தான் எனக்கே தெரியும். நோட்டைக் கையில் எடுத்துப் போகிறவர்கள் வலது பக்கத்தை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்வது நல்லது.

சி.எஸ்.ஐ. சபைகளில் திருவிருந்து ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்கிறோம், ஆயர் பாவமன்னிப்பின் வார்த்தைகளைக் கூறுகிறார். அதற்குள் நம் பகையும் அடக்கம்தான். ஆனால் புத்தகத்தைப் பார்த்துப் படித்துவிட்டு உட்கார்வதில் அது கரைந்துபோகும். திருவிருந்து ஞாயிற்றுக்கு முந்தின வாரத்தில் ஆயரைத் தனியாகப் பார்த்து, வலது பக்கத்தைச் சொல்லி ஜெபிக்கச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வாசலில் கைகொடுக்கும்போது பிடிக்காதீர்கள், பின்னால் பத்து பேர் நிற்பார்கள். பகை சபைக் கமிட்டித் தேர்தலில் வந்ததாக இருந்து, ஆயரே ஒரு பக்கம் என்று தோன்றினால், வேறு ஊரில் ஊழியம் செய்யும் ஓர் ஆயரிடம் போங்கள். தனிச் சபைகளில் இருப்பவர்கள், குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்லும் யாக்கோபு 5:16-ஐ வைத்து நம்பிக்கையான ஒரு மூப்பரிடம் சொல்லலாம். சாட்சி சொல்கிறேன் என்று மேடையில் ஏறிப் பங்காளியின் பேரையும் சேர்த்துச் சொல்ல வேண்டாம்.

எந்தச் சபையாக இருந்தாலும், பகை நீங்க விசேஷ ஜெபம் என்று காணிக்கைத் தொகை குறிப்பிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

4. எடுத்ததைத் திருப்புவது

லூக்கா 19-இல் வரும் வரி வசூல்காரன் சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாக (நான்கு மடங்காக)த் திருப்புகிறேன் என்றான். எண்ணாகமம் 5:7 முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. நடைமுறைக்கு இரண்டாவது கணக்கு எளிது: 50,000 கைமாத்தைத் தராமல் இழுத்திருந்தால் 60,000 கொடுங்கள். இது வட்டிக் கணக்கு அல்ல. அவர் இத்தனை நாள் அலைந்ததற்கும் சேர்த்து.

மொத்தமாக முடியாவிட்டால் மூன்று தவணையாகச் சொல்லி, சொன்ன தேதியில் கொடுங்கள். பெரிய தொகையை வங்கிக் கணக்கு வழியாகக் கொடுப்பது இரண்டு பேருக்கும் நல்லது. கொடுத்தாயிற்று என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. கூலியாளுக்குத் தர வேண்டியது இருந்தால் அதை முதலில் முடியுங்கள், பங்காளி காத்திருக்கட்டும். வாங்க வேண்டியவர் இறந்திருந்தால் வாரிசிடம். வாரிசே இல்லை என்றால் அந்தத் தொகையை ஏழைகளுக்குக் கொடுக்கும்படி குருமார் சொல்வார்கள். எப்படி என்பதை அவரிடமே கேளுங்கள்.

பேரைக் கெடுத்தது பணத்தைவிடக் கஷ்டம். அவர் பெண்ணுக்கு வந்த சம்பந்தத்தில் நாம் ஏதாவது சொல்லி வைத்திருந்தால், யாரிடம் சொன்னோமோ அவர்களிடமே போய், “நான் சொன்னது சரியில்லைங்க” என்று திருத்த வேண்டும். அதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போனால், கேட்கும் மன்னிப்பு ஒரு வாரத்தில் பொய்யாகிவிடும்.

5. நேரில் போவது

மத்தேயு 18:15-17 வரிசை கொடுத்திருக்கிறது: முதலில் நீயும் அவனும் தனியாக, அது நடக்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, அதற்கும் பிறகுதான் சபை. நம் ஊர் வழக்கம் தலைகீழ். முதலில் ஊர் முழுக்கத் தெரியும், அப்புறம் மாமன் மச்சான் பேச்சுவார்த்தை, கடைசியில்தான் அவரும் நாமும். எதிராளி கிறிஸ்தவர் இல்லையென்றால் மூன்றாவது படியை விட்டுவிடுங்கள், நம் சபைக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. முதல் இரண்டும் யாருக்கும் பொருந்தும்.

நேரம். தோட்டக்காரர் வீட்டுக்கு சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வந்த பிறகு, விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சற்று முன்னால் போகலாம். மஞ்சள் வேக வைக்கிற, கரும்பு வெட்டுகிற நாட்களில் வேண்டாம். பனியன் கம்பெனிக்காரர்களுக்குச் சனிக்கிழமை சம்பள நாள், தொந்தரவு செய்யாதீர்கள். ஞாயிறு மதியத்துக்கு மேல் நல்லது. அவர் அமாவாசை, அஷ்டமி பார்ப்பவராக இருந்தால் அந்த நாட்களை நீங்களும் விட்டுவிடுங்கள். உங்களுக்கு நம்பிக்கையில்லை என்று காட்ட இது இடமல்ல. எழவு வீட்டிலும் கல்யாண மண்டபத்திலும் மன்னிப்புக் கேட்கவே கேட்காதீர்கள். நாலு பேர் பார்க்கிறார்கள் என்று அவர் சரி என்று சொல்லியாக வேண்டியிருக்கும், வீட்டுக்குப் போனதும் மாறிவிடும்.

ஒரு விலக்கு உண்டு. நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தியிருந்தால், தனியாகக் கேட்டதோடு முடிக்காதீர்கள். அவருக்குச் சம்மதமா என்று கேட்டுவிட்டு, அதே நாலு பேர் முன்னாலும் சொல்லுங்கள். சாதியைச் சொல்லி ஏசியிருந்தால் அவரை உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லாதீர்கள். நீங்கள் அவர் தெருவுக்குப் போய், அவர் உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார வேண்டும்.

என்ன கொண்டு போவது? வெறுங்கையோடு போகாதீர்கள், சீர்த்தட்டு தூக்குவதுபோலவும் போகாதீர்கள். குழந்தைகள் இருக்கிற வீட்டுக்குச் சாதாரணமாகப் போனால் என்ன வாங்குவீர்களோ அது போதும். வேதாகமம், கைப்பிரதி, காலண்டர் எதுவும் பையில் இருக்கக் கூடாது. மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் சுவிசேஷம் சொன்னால், மதம் மாற்றுவதற்காக வந்தார்கள் என்று பேர் ஆகும். அதில் நியாயமும் உண்டு.

எப்படிக் கேட்பது? “ஏதாவது தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சுக்குங்க” என்று கேட்டால் கேட்காததற்குச் சமம். வலது பக்கத்தில் எழுதியதை அப்படியே சொல்லுங்கள்: “உங்க முறையன்னிக்கு மோட்டாரைப் போட்டுத் தண்ணி எடுத்தேனுங்க. கேட்டப்ப இல்லைன்னு பொய் சொன்னேன். அது தப்பு.” நிறுத்துங்கள். “ஆனா நீங்களும்” என்று அடுத்த வார்த்தை தொண்டைக்கு வரும். அதை விழுங்கிவிட்டு உட்காருவதுதான் மொத்த வேலையிலும் கஷ்டமான பகுதி.

அப்பாவோடு நான் போயிருந்தேன். வாசலில் கட்டிலில் சித்தப்பா படுத்திருந்தார். எழவில்லை. “வரலாமுங்களா” என்று அப்பா கேட்டார். தம்பி முறைக்காரரை அப்பா எப்போதும் “வா, போ” என்றுதான் பேசுவார், அன்றைக்கு ‘ங்க’ போட்டார். சித்தப்பா, “என்ன, கேஸு தோத்துரும்னு வக்கீல் சொல்லிட்டாரா?” என்றார். உள்ளேயிருந்து சின்னம்மா பித்தளைச் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து, யாரையும் பார்க்காமல் திண்ணையில் வைத்தார். அப்பா அதை எடுத்து முழுசாகக் குடித்தார். பகையாளி வீட்டில் கை நனைக்க மாட்டோம் என்று வைராக்கியமாக இருந்த மனுஷன். குடித்துவிட்டுத்தான் பேசவே தொடங்கினார். நீங்கள் போகிற வீட்டிலும் தண்ணீர் வைத்தால், தாகம் இல்லாவிட்டாலும், பேசுவதற்கு முன்னால் குடித்துவிடுங்கள்.

அன்றைக்குச் சித்தப்பா மன்னித்தேன் என்றெல்லாம் சொல்லவில்லை. “பாக்கலாம்” என்றார். முதல் சந்திப்பில் “பாக்கலாம்” கிடைத்தால் அது நல்ல விளைச்சல். கால் மணி நேரத்துக்கு மேல் உட்காராதீர்கள். தடம், பங்கு, வழக்கு எதையும் அன்றைக்கு எடுக்காதீர்கள். மறுபடி போவதற்கு இரண்டு மூன்று வாரம் இடைவெளி விடுங்கள். அப்போது வேண்டுமானால் இருவருக்கும் மரியாதையான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகலாம். அவர் சபைக்காரராக இருக்க வேண்டிய அவசியமில்லை. எங்களுக்கு உதவியவர் பால் சொசைட்டியில் கணக்கு எழுதும் ஒரு பெரியவர்.

6. வழக்கு நிலுவையில் இருந்தால்

மன்னித்தாயிற்று என்று வாய்தாவுக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். நீங்கள் பிரதிவாதி என்றால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வந்துவிடும். நீங்கள் வாதி என்றால் வழக்கு தள்ளுபடியாகும், ஆனால் தகராறு அப்படியே கிடக்கும்.

உரிமையியல் வழக்கில் வாதி வாபஸ் வாங்கலாம். ஆனால் மறுபடி வழக்குப் போட நீதிமன்றத்தின் அனுமதி பெறாமல் வாபஸ் வாங்கினால், அதே விஷயத்துக்கு மீண்டும் போக முடியாது. அதைவிட நல்லது, பேசி முடித்ததை இரண்டு பேரும் கையெழுத்திட்ட ராஜி மனுவாகத் தாக்கல் செய்து, அதன்படி தீர்ப்பாணை வாங்குவது. இன்னும் எளிது மக்கள் நீதிமன்றம். அங்கே கட்டணம் இல்லை, வழக்குக்குக் கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். அங்கே ஆகும் தீர்வு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. இந்தக் கடைசி விஷயத்துக்காகவே கையெழுத்துக்கு முன் ஒவ்வொரு வரியையும் வீட்டில் உரக்கப் படித்துப் பாருங்கள். தேசிய மக்கள் நீதிமன்றம் வருஷத்தில் சில முறை, பெரும்பாலும் சனிக்கிழமையில் கூடும். உங்கள் வட்ட சட்டப் பணிகள் குழு அலுவலகத்தில் கேட்டால் அடுத்த தேதி சொல்வார்கள்.

வக்கீலிடம் ராசியாகிறோம் என்று சொன்னால் சிலர் முகம் சுளிக்கலாம். அதுவரையான ஃபீஸைப் பாக்கியில்லாமல் கொடுத்துவிட்டு ராஜி மனுவையும் அவரையே எழுதச் சொல்லுங்கள், வேலை சீக்கிரம் முடியும்.

குற்ற வழக்கு வேறு கதை. மனு ரசீதோடு நிற்கும் புகாரைக் காவல் நிலையத்திலேயே பேசி முடிக்க முடியும். எஃப்.ஐ.ஆர். ஆகிவிட்டால் நிலையத்தில் எழுதிக்கொடுப்பதால் மட்டும் முடியாது. சிறு காயம், மிரட்டல் போன்ற குற்றங்களில் பாதிக்கப்பட்டவர் நீதிமன்றத்தில் சமாதானம் சொல்லலாம். சிலவற்றுக்கு நீதிபதி அனுமதி வேண்டும். சிலவற்றுக்கு வழியே இல்லை. எது எந்த வகை என்று பிரிவு எண்ணைக் காட்டி வக்கீலிடம் கேளுங்கள்.

7. கிணற்றையும் தடத்தையும் எழுதிவிடுங்கள்

ராசியான சந்தோஷத்தில், “நமக்குள்ள எதுக்குங்க எழுத்து” என்பார்கள். எழுதுங்கள். உங்களுக்கும் அவருக்கும் வேண்டாம், உங்கள் மகனுக்கும் அவர் மகனுக்கும் வேண்டும்.

கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு, யார் முறை எந்தக் கிழமை, மும்முனை மின்சாரம் இல்லாமல் போன நாளின் முறை எப்படி ஈடாகும், மின் இணைப்பு யார் பேரில் இருக்கிறது, மோட்டார் ரிப்பேர்ச் செலவு, தூர் வாரும் செலவு, பக்கத்தில் போர்வெல் போடலாமா கூடாதா. எங்கள் பழைய பத்திரத்தில் பங்கு மட்டும்தான் இருந்தது. கரண்ட் போன நாளைப் பற்றி ஒரு வரி இருந்திருந்தால் பாதிச் சண்டை நடந்தே இருக்காது. தடத்துக்கு அகலத்தை அடிக்கணக்கில் எழுதி, புலப்படத்தில் குறித்து இணையுங்கள். “மாமூல் தடம்” என்று மட்டும் எழுதினால் டிராக்டர் போகலாமா, அறுவடை இயந்திரம் போகலாமா என்று மறுபடி கிளம்பும்.

உரிமையே கை மாறுகிறது என்றால் பதிவு செய்த பத்திரம் வேண்டும். பங்கை விட்டுக்கொடுத்துக் குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பும் உண்டு. ஆனால் சட்டம் சொல்லும் ‘குடும்பம்’ நெருங்கிய இரத்த உறவுக்குள் நிற்கிறது. பெரியப்பா, சித்தப்பா மக்களுக்குள் எழுதும்போது அந்தச் சலுகை பொருந்துமா என்பதைப் பத்திரம் டைப் அடிப்பதற்கு முன்பே சார்பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள். பொருந்தாவிட்டால் செலவு பல மடங்கு ஏறும், அதை யார் கட்டுவது என்பதிலேயே மறுபடி முறைத்துக்கொள்ள நேரும். ஆடியில் பதிவு அலுவலகத்தில் கூட்டம் குறைவு. ஆனால் அவர் ஆடியில் பத்திரம் வேண்டாம் என்றால் ஆவணி வரை பொறுங்கள்.

8. கதவு திறக்காவிட்டால், அல்லது கசப்பு திரும்பி வந்தால்

இரண்டும் நடக்கும். எல்லோரோடும் சமாதானமாக இருக்கச் சொல்லும் ரோமர் 12:18-உம் “கூடுமானால் உங்களாலானமட்டும்” என்றுதான் சொல்கிறது. இரண்டு முறை போய், ஒரு மரியாதைக்குரியவரையும் அனுப்பிப் பார்த்து, அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். பணப் பாக்கியை மட்டும் எப்படியாவது சேர்த்துவிடுங்கள். வாரம் தவறாமல் போய் நிற்பது தொந்தரவு. பேச்சு இல்லாவிட்டாலும் இரண்டாவது படியில் சொன்ன மூன்று வசூலையும் நிறுத்தியபடியே இருக்கலாம். வழியில் பார்த்தால் வண்டியை மெதுவாக்கி ஒரு தலையசைப்பு. அவர் வீட்டில் துக்கம் என்றால் கூப்பிடாமலே போய், பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

கசப்பு பெரும்பாலும் பணத்தோடு வரும்: அவர் தென்னந்தோப்பை நல்ல விலைக்கு விற்றார் என்று கேள்விப்படும் அன்று. அன்றைக்கு நோட்டைத் திறக்க வேண்டாம், பழைய சாட்சிகளுக்கு ஃபோன் போடவும் வேண்டாம். அந்தப் பதிவை மட்டும் பேர் சொல்லி மறுபடி ஜெபத்தில் வையுங்கள். பேதுரு ஏழு முறையா என்று கேட்டதற்கு இயேசு ஏழெழுபது என்றது, ஒரே தப்பை எழுபது நாள் மன்னிப்பதற்கும் சேர்த்துத்தான் என்று நினைக்கிறேன். கணக்கெல்லாம் தீர்ந்து காகிதமும் கைக்கு வந்த பிறகு நோட்டை அடுப்பில் போட்டுவிடலாம். ராஜி மனு நகலையும் பத்திரத்தையும் போட்டுவிடாதீர்கள்.

வீட்டில் அடுத்த விசேஷம் வரும்போது அழைப்பிதழை வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள், வராவிட்டாலும் பரவாயில்லை. பத்திரிகையில் அவர்கள் பேரைப் போடுவதற்கு முன்னால் மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கேட்காமல் போட்டு, வரிசையில் யார் பேர் மேலே வந்தது என்று புதிதாகத் தொடங்கிய சண்டைகள் நம் பக்கம் நிறைய உண்டு.